பெற்ற கடனும் வளர்க்கும் கடனும்

தாய், தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், பிறந்து ஆறு மாதம் கடந்த குழந்தை பகல் முழுவதும் யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும் என்னும் கேள்வி இன்று பெரும்பாலும் நிர்வாகச் சிக்கலாகவே பேசப்படுகிறது. காப்பகத்தில் இடம் உண்டா, கட்டணம் எவ்வளவு, எல்.கே.ஜி. சேர்க்கை எப்போது தொடங்கும், மாலையில் அழைத்து வர ஆள் இருக்கிறதா என்பனவே பெற்றோரின் கேள்விகள். அன்றாட நெருக்கடியிலிருந்து எழும் அவற்றைச் சிறியவை என ஒதுக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் அவற்றுக்கு அடியில் மிகப் பழைய அறவியல் கேள்வி ஒன்று கிடக்கிறது: குழந்தை யாருடைய கடன்? செய்தே தீர வேண்டியதும் செய்யாவிட்டால் குற்றமாவதுமான பொறுப்பையே தமிழ் மரபு கடன் என்கிறது. பெற்றவர் அந்தக் கடனைப் பகற்பொழுதுக்குப் பிறரிடம் ஒப்படைக்கும்போது அது கைமாறுகிறதா, பகிரப்படுகிறதா, கைவிடப்படுகிறதா என்பதை எண்ணிப் பாராமல், காப்பகங்களையும் பள்ளி இடங்களையும் கணக்கிட்டு மட்டும் நீதியான ஏற்பாடு ஒன்றை உருவாக்கிவிட முடியாது.

புறநானூற்றில் 312ஆம் பாடலாக அமைந்த பொன்முடியார் பாட்டு, ஓர் இளைஞனை உருவாக்கும் பொறுப்பைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என நால்வருக்குப் பிரித்துக் கொடுத்து, இறுதியில் அந்த இளைஞனுக்கும் ஒரு கடனை வைக்கிறது. அது போர்ச் சமூகத்தின் பாட்டு என்பதால் அதன் நோக்கத்தை இன்று அப்படியே ஏற்க இயலாது; மகனை மட்டுமே அது எண்ணுகிறது என்பதும் உண்மை. ஆனால் அதன் அமைப்பு கவனிக்கத்தக்கது. அந்த நால்வரில் எவரும் மற்றவருக்குப் பதிலாள் அல்லர். கொல்லன் தன் பங்கைச் செய்வதால் தந்தையின் பங்கு குறைவதில்லை. வேந்தன், அதாவது இன்றைய சொல்லில் அரசு, தாயும் தந்தையும் தவறினால் மட்டும் குறுக்கிட வரும் வெளியாளாக அல்லாமல் தொடக்கத்திலிருந்தே கடன்பட்டவனாக நிறுத்தப்படுகிறான்.

கிரேக்கச் சிந்தனை இதே கேள்வியை வேறு வழியில் அணுகியது. பிளேட்டோ 'குடியரசு' நூலின் ஐந்தாம் புத்தகத்தில், நாட்டைக் காக்கும் வகுப்பினரின் குழந்தைகள் பிறந்தவுடன் பொது வளர்ப்பிடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும் என்றும், எந்தப் பெற்றோரும் தம் பிள்ளை எதுவென அறியாதிருக்க வேண்டும் என்றும் சாக்ரடீஸின் வாயிலாக முன்மொழிகிறார். அந்த வகுப்பின் பெண்கள் ஆண்களுக்கு நிகராக ஆட்சிப் பணியில் ஈடுபட வழி செய்யும் ஏற்பாட்டோடு இணைந்தது இது. அரிஸ்டாட்டில் 'அரசியல்' நூலின் இரண்டாம் புத்தகத்தில் இதை மறுக்கிறார்: பலருக்கும் பொதுவான ஒன்று எவருடைய முழுக் கவனத்தையும் பெறுவதில்லை என்றும், மிகுந்த நீரில் கலந்த சிறிதளவு மது சுவையிழப்பதைப் போல அன்பும் நீர்த்துவிடும் என்றும் அவர் வாதிடுகிறார். வளர்ப்பு ஊரின் பொறுப்பு என்பதைப் பிளேட்டோ சரியாகக் கண்டார். அன்புக்கு ஒரு முகம் வேண்டும் என்பதை அரிஸ்டாட்டில் சரியாகக் கண்டார். ஆனால் இருவரும் அன்பை ஓர் அளவுப் பொருளாகவே, ஒருவருக்குக் கிடைத்தால் மற்றொருவருக்குக் குறையும் சொத்தாகவே கருதினர். இன்றைய விவாதமும், காப்பகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் தாயைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சொல்லும் சொல் உட்பட, அந்தக் கணக்கிலிருந்து விடுபடவில்லை.

தமிழ்ப் பக்தி மரபு இந்தக் கணக்கை ஏற்கவில்லை. கண்ணனைப் பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. ஆழ்வார்களின் பாடல்களில் இருவருக்கும் குரல் உண்டு. பெரியாழ்வார் யசோதையின் இடத்தில் நின்று குழந்தையை நீராட்டவும் காது குத்தவும் பூச்சூட்டவும் கண்ணேறு படாமல் காப்பிடவும் அழைக்கிறார். குலசேகராழ்வாரோ 'பெருமாள் திருமொழி'யின் ஏழாம் பதிகத்தைத் தேவகியின் புலம்பலாக அமைத்து, தாலாட்டும் பேற்றையும் பிள்ளையின் விளையாட்டைக் காணும் பேற்றையும் இழந்த தாயின் துயரத்தை ஒன்றுவிடாமல் எண்ணிக் காட்டுகிறார். வைணவ மரபு இரண்டையும் நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தின் முதலாயிரத்திலேயே அருகருகே வைத்திருக்கிறது. பிள்ளை நன்றாகத்தானே வளர்கிறது என்று சொல்லித் தேவகியின் வாயை அது அடைக்கவில்லை. யசோதையை இரவல் தாய் என்று தாழ்த்தவும் இல்லை. பெற்றவள் துயருறுகிறாள் என்பதைக் கொண்டு பிரிவுக்கு அவளே காரணம் என்ற முடிவுக்கும் அது செல்லவில்லை.

இந்த மூன்று மறுப்புகளும் இன்றைக்கு மிகவும் தேவைப்படுபவை. பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண் இழப்பது ஒன்று உண்டு. பிள்ளை முதலடி எடுத்து வைத்ததை மாலையில் காப்பகத்து ஆயாவின் வாயால் கேட்டறியும் நிலை இழப்புதான். காப்பகத்தை ஆதரிப்போர் பலர் அந்த இழப்பே இல்லை என்று பேசுகின்றனர். எதிர்ப்போரோ அந்த இழப்பையே சான்றாக்கி, தாய் வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பெழுதுகின்றனர். இழப்பு உண்டு என்பதாலேயே குற்றம் உண்டு என்றாகிவிடாது. தேவகியைப் பிரித்தது சிறை, இன்றைய பெண்ணை அழைப்பது வேலை. வேலை பலருக்கும் வருவாயோடு தன்மதிப்பையும் தருவதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது என்பது சரியே. எனினும் ஒருவர் தாம் விரும்பிச் செய்யும் நல்ல செயலின் நடுவிலும் துயரம் இருக்கலாம் என்பதை ஏற்கும் மனமுதிர்ச்சியைக் குலசேகரரின் பதிகம் கற்றுத் தருகிறது.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் சிவபெருமான் தாயுமானவர் என்று அழைக்கப்படுவதற்குச் சொல்லப்படும் தலவரலாறு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பேறுகாலம் நெருங்கிய இரத்தினாவதி என்னும் பெண்ணுக்குத் துணையாக வர வேண்டிய தாய், காவிரியில் பெருகிய வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, இறைவனே அந்தத் தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தான் என்பது அவ்வரலாறு. வெள்ளத்தை வற்றச் செய்வது கடவுளுக்கு எளிது. கதை அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. வர முடியாதவருடைய வேலையைத் தன் கையால் செய்வதே அருளின் வடிவமாக அங்கே காட்டப்படுகிறது. வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேர்ந்தபோது அவளுடைய இடம் பறிபோயிருக்கவில்லை என்பதும் கதையின் உயிரான பகுதி. ஒருவர் வர இயலாத நேரத்தில் அவர் இடத்தில் நின்று, வந்தபின் அந்த இடத்தை அவருக்கே விட்டுக்கொடுக்கும் இந்தப் பணியைத்தான் நல்ல காப்பகப் பணியாளர் நாள்தோறும் செய்கிறார்.

தாய்மையைப் போற்றும் இந்த மரபே பெண்ணை வீட்டுக்குள் கட்டிப்போடப் பயன்படவில்லையா என்று கேட்கலாம். பயன்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கட்டு மரபிலிருந்து மட்டும் வந்ததன்று. நவீன உளவியலும் அதற்குக் கயிறு திரித்துக் கொடுத்தது. ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதிய அறிக்கை, தாயன்பின் தொடர்ச்சி குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்றது. பெற்றோரை விட்டு நிரந்தரமாகவோ நெடுங்காலமாகவோ பிரிந்து விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் வாழ்ந்த குழந்தைகளைப் பற்றிய சான்றுகளே அதற்குப் பெரும்பாலும் அடிப்படை. மாலையில் வீடு திரும்பும் குழந்தைக்கு அதை அப்படியே பொருத்தியவர்கள், ஓர் ஆய்வின் எல்லையைத் தாண்டி ஒரு பாலினத்தின் மீது தீர்ப்பு வழங்கினர்.

குழந்தை பிரிந்திருக்கும் அந்தப் பகற்பொழுது எதற்காக என்பது அடுத்த கேள்வி. இங்கே இரு கருத்தாக்கங்களைப் பிரித்தறிய வேண்டும். பராமரிப்பு என்பது உணவு, உறக்கம், தூய்மை, பாதுகாப்பு, அரவணைப்பு ஆகியவற்றைக் குறிக்கும். முன்பருவக் கல்வி என்பது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டுகளில் விளையாட்டு, பேச்சு, பாட்டு, கைவேலை வழியாக அறிவும் புலன்களும் விரிவதைக் குறிக்கும். நிறுவனங்கள் இவ்விரண்டையும் வெவ்வேறு கட்டடங்களில், வெவ்வேறு துறைகளின் கீழ் வைத்திருப்பதால் இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இரண்டு வயதுக் குழந்தைக்குச் சோறூட்டும்போது நிலவையும் காக்கையையும் காட்டிப் பேசுகிறவர் பராமரிக்கிறாரா, கற்பிக்கிறாரா என்று எந்தத் துறையாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வரலாறும் இப்பிரிவினையைப் பொய்யாக்குகிறது. மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்', வேலைக்குச் சென்ற ஏழைப் பெற்றோர் பகலெல்லாம் தொழிலாளர் குடியிருப்பில் விட்டுச்சென்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பட்ட இடம். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த அந்த அம்மையாரின் பெயர், இன்று நகரங்களில் பெருங்கட்டணம் வாங்கும் மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் காணப்படுகிறது. அந்தக் கல்விமுறையின் தோற்றம் கூலித் தொழிலாளர் பிள்ளைகளின் காப்பகம் என்பது மறக்கப்பட்டுவிட்டது வருந்தத்தக்கது.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை இவ்விடத்தில் ஒரு மெய்யியல் நூலுக்குரிய செறிவோடு பேசுகிறது. கடவுளையோ தலைவரையோ குழந்தையாக்கிப் பாடும் அவ்வகை, மழலைப் பருவத்தைக் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என ஏழாகவும், அவற்றின் மேல் ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாலுக்கு நீராடல், அம்மானை, ஊசல் என்றும் மூன்றாகவும் பகுத்துப் பத்துப் பருவமாக்குகிறது. கைகொட்டுவது சப்பாணிப் பருவத்தின் முழுமை. அது எழுதுகோல் பிடிப்பதற்கான முன்பயிற்சி என்று எந்தப் புலவரும் பாடவில்லை. மூன்று வயதுக்குள் எழுத்து, எண், ஆங்கிலப் பாட்டு எனத் திணிக்கப்படும் ஆயத்தம், குழந்தையின் இன்றைய நாளைப் பின்னொரு நாளின் அடிமையாக்குகிறது. பரமனே குழந்தையாக வந்தாலும் அவசரப்படுத்தாத மரபுக்கு உரியவர்கள், தம் பிள்ளையை அவசரப்படுத்துவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

காரணம் அச்சம், அந்த அச்சத்தை உண்டாக்குவது ஏற்பாடுகளின் இடைவெளி. பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பைத் தந்தது. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்குரிய விடுப்பை 2021இல் 12 மாதமாக உயர்த்தியது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடிகள், ஊர்வழக்கில் பால்வாடிகள், தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல் உள்ளன; ஆனால் திட்டத்தின் வரையறைப்படி அவற்றின் முன்பருவக் கல்வி மூன்று வயதில்தான் தொடங்குகிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சத்துமாவும் எடை பார்த்தலும் தடுப்பூசிக்கான வழிகாட்டலும் உண்டு. பகல் முழுவதும் இருக்க இடம் பெரும்பாலும் இல்லை. விடுப்பு முடியும் நாளுக்கும் மூன்றாம் பிறந்தநாளுக்கும் இடைப்பட்ட இரண்டரை ஆண்டைப் பாட்டி இல்லாத வீடு எப்படிக் கடக்கும் என்பதற்குச் சட்டத்தில் பொது விடை கிடையாது. மூன்று வயதில் பள்ளி கிடைத்தாலும் எல்.கே.ஜி. வகுப்பு நண்பகலிலோ பிற்பகலின் தொடக்கத்திலோ முடிந்துவிடுவது வழக்கம். திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்சாலையில் தைப்பவருக்கோ மருத்துவமனையில் பகல் முறை பார்க்கும் செவிலியருக்கோ வேலை அப்போது முடிவதில்லை. இப்போது இடம் பிடிக்காவிட்டால் பிறகு கிடைக்காது என்ற நெருக்கடியில், பிள்ளைக்கு உறக்கம் தேவைப்படும் வயதில் பள்ளி வாங்கப்படுகிறது. குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்துச் சேர்க்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுத்திருந்தும் அந்த அச்சம் தணியவில்லை.

துறைகளின் பிரிவினை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஏழைப் பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் மையம் சமூக நலத் துறையுடையது, ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறையைச் சேர்ந்தவர். தொடக்கப் பள்ளியில் உபரியாக இருந்த ஆசிரியர்களை அங்கே அனுப்பியபோது அவர்களில் பலர் அதைத் தகுதியிறக்கமாகக் கருதி எதிர்த்தனர். மூன்று வயதுக் குழந்தைக்குக் கற்பிப்பது பத்து வயதுக் குழந்தைக்குக் கற்பிப்பதைவிடத் தாழ்ந்தது என்ற எண்ணம் அந்த எதிர்ப்பின் உள்ளே இருந்தது; ஒரு சமூகம் தன் மிகச் சிறியவர்களை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதை அது காட்டியது. பராமரிப்பும் கல்வியும் பிரிக்க முடியாதவை என்பதை, முன்பருவக் குழந்தைகள் பற்றிய ஆய்வுக் குழுவுக்குத் தலைமையேற்று 1972இல் அறிக்கை தந்த மீனா சுவாமிநாதன் போன்றோர் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்தும் நிர்வாக அமைப்பு அதற்கேற்ப மாறவில்லை.

இடங்கள் குறைவாக உள்ள நிலையில் யாருக்கு முதலில் தருவது என்பதில்தான் அறவியல் முடிச்சு இறுகுகிறது. காப்பகத்துக்கான நியாயம் பொதுவாகப் பெற்றோரின் வேலையிலிருந்து பெறப்படுகிறது; பள்ளி இடத்துக்கான நியாயம் குழந்தையின் உரிமையிலிருந்து பெறப்படுகிறது. முதல் நியாயத்தை மட்டும் கொண்டால், வேலை என்று பதிவேட்டில் இடம்பெறாத உழைப்பாளியின் குழந்தை வெளியே நிற்கும்: வீட்டில் பீடி சுற்றுபவர், பூக்கட்டுபவர், நாற்று நடும் காலத்தில் மட்டும் கூலிக்குச் செல்பவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு இடமில்லாமல் போகும். இரண்டாவதை மட்டும் கொண்டால், இரண்டு மணி நேர வகுப்பு நடத்திவிட்டு உரிமையை வழங்கியாயிற்று என்று அரசு கைகழுவலாம். 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தத்துக்குப் பின் அரசியலமைப்பின் 45ஆம் உறுப்பு, ஆறு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பையும் கல்வியையும் சேர்த்தே வழங்க அரசு முயல வேண்டும் என்கிறது. அதன் சொல்லமைப்பையே வழிகாட்டியாகக் கொண்டால், இடம் குழந்தையின் உரிமை என்றும், அந்த இடம் எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது பெற்றோரின் தேவை என்றும் இரு நியாயங்களையும் இணைக்கலாம். வீட்டில் இருக்கும் தாயின் பிள்ளைக்கும் மூன்று மணி நேரம் உரியது. எட்டு மணி நேரம் உழைப்பவரின் பிள்ளைக்கு, வந்துபோகும் நேரத்தையும் சேர்த்துப் பத்து மணி நேரம் உரியது.

இந்தக் கணக்கில் இன்னொரு குழந்தையும் உண்டு. காப்பகம் இல்லாத ஏழை வீட்டில் அக்காவே காப்பகம். தம்பியை இடுப்பில் சுமக்கும் எட்டு வயதுச் சிறுமியின் பள்ளி இடம் ஏட்டில் இருக்கும், வகுப்பறையில் வெறுமையாக இருக்கும். ஆகையால் காப்பகத்தில் ஓர் இடம் திறக்கும்போது பள்ளியில் ஓர் இடம் உண்மையாகவே நிரம்புகிறது. இடத்துக்கு முன்னுரிமை வகுப்போர், தாயின் வேலைச் சான்றிதழைக் கேட்பதற்கு முன்பு அந்த வீட்டின் மூத்த பெண் எங்கே இருக்கிறாள் என்று கேட்பது நன்று.

வளர்க்கும் கடனை ஏற்பவருக்குச் சமூகம் என்ன கடன்பட்டிருக்கிறது என்பதையும் இங்கே எண்ண வேண்டும். அமெரிக்க மெய்யியலாளர் ஈவா ஃபெடர் கிட்டே 1999இல் வெளியிட்ட நூலில், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இயலாதவரைப் பராமரிப்பவர், அந்தப் பணியாலேயே தாமும் பிறரைச் சார்ந்தவராகிவிடுகிறார் என்றும், அவரைத் தாங்குவது நீதியின் பகுதி என்றும் வாதிட்டார். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், நூறு நாள் வேலை என்று மக்கள் அழைத்த திட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளாவது வேலையிடத்துக்கு வந்தால் அங்குள்ள பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி அவருக்கும் கூலி வழங்க வகை செய்தது. மண் வெட்டுவதும் பிள்ளை பார்ப்பதும் ஒரே கூலிக்குரிய உழைப்பு என்று எழுத்தில் ஏற்ற அந்தச் சிறிய விதி, பராமரிப்பு பற்றிய பல நூல்களைவிடத் தெளிவானது. அங்கன்வாடிப் பணியாளருக்கோ இன்றும் மத்தியத் திட்டத்தில் வழங்கப்படுவது ஊதியம் அன்று, மதிப்பூதியம். அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022இல்தான் தீர்ப்பளித்தது. யசோதைக்குப் பாட்டுப் பாடும் சமூகம், யசோதையின் வேலையைச் செய்பவருக்கு முழுச் சம்பளம் தரத் தயங்குவது பக்தியிலேயே உள்ள குறை.

கடனாளிகளின் பட்டியலில் மிக எளிதாக விடுபட்டுப்போவது தந்தையின் பெயர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 30-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பெண்களையும் அவர்களின் பிள்ளைகளையுமே எண்ணியது. பெண்களை மட்டும் எண்ணும் விதி, முப்பத்தோராவது பெண்ணை வேலைக்கு எடுக்க முதலாளியைத் தயங்க வைக்கும் விதியாகவும் ஆகிவிடக்கூடியது. பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண், பெண் வேறுபாடின்றி 50 பணியாளர் என்று எண்ணியதால், குழந்தை தாய்க்கு மட்டும் உரியதன்று என்ற கருத்து முதன்முறையாக இவ்வரிசைச் சட்டங்களுக்குள் நுழைந்தது. ஆயினும் பகலில் நான்கு முறை காப்பகத்துக்குச் சென்று பிள்ளையைப் பார்த்துவரும் உரிமையை அதே திருத்தம் பெண்ணுக்கு மட்டுமே தந்தது. துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த பெண் குழந்தையை வளர்த்து ஆண்டாளாக்கிய பெரியாழ்வாரைத் தந்தைமையின் உயர்ந்த வடிவமாகக் கொண்டாடும் நாட்டில், தறிக்கூடத்திலோ கணினி நிறுவனத்திலோ வேலை செய்யும் ஆண், இடைவேளையில் எழுந்து போய்த் தன் பிள்ளைக்கு ஒரு வாய் சோறூட்டிவிட்டு வருவதற்கும் அந்த நான்கு முறையைச் சட்டம் எழுதித் தர வேண்டும். அவன் போக மறுத்தால் ஏன் போகவில்லை என்று கேட்கும் உரிமை அவன் மனைவிக்கும் கிடைக்க வேண்டும்.